யார் எச்சரிப்பது

நிலச்சரிவு ஆய்வு மையத்தின் தலைவர் பதவியிலிருந்து என் கணவர் விலகிய நாளில் விடாத மழை. உடம்புக்கு முடியவில்லை, இனிமேல் பாடம் மட்டும் நடத்துகிறேன் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. போன மழைக்காலத்தில் மலை சரியப்போகிறது என்று எச்சரித்து, அடிவாரத்துக் குடியிருப்பு மொத்தத்தையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்த் தங்கவைத்தார். ஒரு கூழாங்கல்கூட உருளவில்லை. அன்றிலிருந்து ஊரில் அவருக்குப் ‘பூச்சாண்டி வாத்தியார்’ என்று பெயர். இன்றைக்கு மலை விழுமா என்று கடைக்காரர் என் முகத்துக்கு நேராகவே கேட்டுச் சிரிப்பார். வீட்டில் என் கணவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அந்தப் பெயர்தான் அவரை நாற்காலியிலிருந்து இறக்கியது.

அடுத்து வந்தவர் அவருடைய முதல் மாணவர். வீட்டில் நாங்கள் சின்னவர் என்போம். என் கணவர் உட்காராமல் அவர் உட்காரமாட்டார், அப்படி ஒரு மரியாதை.

மலையில் குழாய்களை ஆழமாக இறக்கி, மண்ணுக்குள் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அளக்கிறார்கள். மையத்தின் திரையில் அது ஒரு கோடாக ஓடும். அபாய அளவான சிவப்பைத் தாண்டினால் தலைவர் பேரிடர் அலுவலகத்துக்கு போன் செய்ய வேண்டும். வேறு யார் சொன்னாலும் அவர்கள் அடிவாரத்து ஆட்களைக் கிளப்பமாட்டார்கள்.

அன்று பிற்பகல் கூடத்தில் வழியனுப்பு விழா. எங்கள் காரை ஓட்டும் டிரைவர் தம்பி கதவோரம் நின்றிருந்தான். அவன் வீடு அந்த அடிவாரத்தில்தான். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். என்னிடம் வந்து, மழை இப்படிக் கொட்டுகிறதே, ஐயாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கதவுக்கே திரும்பிப் போனான். நான் எழுந்திருப்பதற்குள் ஆய்வு மாணவி ஒருத்தி மேடைக்கு ஓடினாள். யார் காதில் சொல்வது என்று தெரியாமல் என் கணவருக்கும் சின்னவருக்கும் நடுவில் குனிந்து, கோடு சிவப்பைத் தாண்டிவிட்டது என்றாள். முதல் வரிசையில் இருந்த எனக்கே கேட்டது.

என் கணவர் சின்னவரைக் கைகாட்டினார். சின்னவர் பதறி எழுந்து நின்றார்.

“சார் இருக்கும்போது நான் எப்படி சார்? நீங்களே பண்ணிடுங்க.”

“இனிமே நான் தலையிடறது முறையில்ல. நீங்கதானே தலைவர்.”

வாசலில் நின்று நீங்கள் முதலில் போங்கள், நீங்கள் முதலில் போங்கள் என்று உபசாரம் செய்வார்களே, அதுதான் நடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது! இந்தத் தடவையும் மலை சரியாமல் போனால் என்று இவருக்கு அந்தப் பட்டப்பெயரோடு இறங்கப் பயம். அவருக்கு அதே பெயரோடு ஏறப் பயம். மேடைக்குப் போய் இவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

“ஒரு போன்தானே, பண்ணித் தொலைங்க.”

“உனக்குத் தெரியாது. இப்ப நான் பண்ணினா அவனை நம்பலன்னு ஆயிடும்.”

அதற்குள் யாரோ பாராட்டிப் பேச ஆரம்பித்தார்கள். கை தட்டினார்கள். பிறகு குழுப் படம், அதில் நடு நாற்காலிக்கும் இதே உபசாரம்.

வீட்டுக்குத் திரும்பும்போது பாதி வழியில் தம்பியின் போன் அடித்தது. கேட்டான். காரை அப்படியே நிறுத்தினான், கதவைக்கூடச் சாத்தாமல் மழையில் ஓடினான். என் கணவர் பின் இருக்கையில் மடியில் பரிசுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது.

மலை சரிந்து அடிவாரத்தை மூடிவிட்டிருந்தது. தம்பியின் பெண்களில் பெரியவள் மட்டும் தோழி வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பித்தாள். அம்மாவையும் சின்னவளையும் மறுநாள்தான் மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். இன்னும் பல வீடுகளில் ஆளே கிடைக்கவில்லை.

விசாரணை வந்தது. அன்று காலையே நான் பொறுப்பை விட்டுவிட்டேன் என்றார் இவர். விழா முடியும்வரை சார்தான் தலைவர் என்றார் சின்னவர். போட்டி போட்டுக்கொண்டு விட்டுக்கொடுத்த நாற்காலியை, இப்போது ஒருவர் தலையில் ஒருவர் கட்டினார்கள். இந்த மனிதரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

ஒரு நாள் தம்பி வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. முகம் வற்றிப்போயிருந்தது. இவர் அவனிடமும் ஆரம்பித்துவிட்டார். அன்றைக்குத் தான் தலைவரே இல்லையாம், சட்டப்படி அந்தப் பொறுப்பு சின்னவருடையதாம். அவன் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டுக்கொண்டான்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். விழா நடக்கும்போது அவ போன் பண்ணா. பிள்ளையைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பட்டுமான்னு கேட்டா. சார் இங்கதான் இருக்காரு, ஏதாவது இருந்தா சொல்லியிருப்பாரு, பேசாம வீட்லயே இருன்னு நான்தான் சொன்னேன்.”

பிறகு இவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

“நான் கதவுகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். நீங்க ஏதாவது சொல்லி எனக்குத்தான் காதுல விழலையா சார்?”

என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

“இல்லப்பா, அவர் ஒண்ணும் சொல்லல” என்று நான்தான் சொன்னேன்.