பொத்தானை விடாதே

வானொலிப் பெட்டியில் ஃபலானியின் குரல் தெளிவாகவே வந்துகொண்டிருந்தது. அதுதான் மகெலிதாவால் தாங்க முடியாததாக இருந்தது. படகு நிறையச் சூரை மீன் என்றான் அவள் கணவன். மேற்கு வாசல் வழியாகவே வந்துவிடுகிறோம் என்றான். ஏன் யாரும் வாயைத் திறக்கவில்லை, தீவே தூங்குகிறதா என்று கேலி வேறு. கேட்க முடிந்தது. பதில் சொல்லத்தான் வழியில்லை.

தீவைச் சுற்றிலும் பவளப் பாறை. அதில் படகு நுழைய மேற்கே வெட்டிய ஒரே ஒரு வாசல். காலையில் படகு கிளம்பியபோது கடல் அசைவற்றுக் கிடந்தது. எங்கோ தொலைவில் அடித்த புயலின் அலைகள் மதியத்துக்கு மேல்தான் வந்து சேர்ந்தன. ஆழத்தில் இருப்பவனுக்கு அவை உறைக்காது. படகை மெல்லத் தூக்கி மெல்ல இறக்கும், அவ்வளவுதான். பாறையில் மோதும் இடத்தில்தான் சுவராக எழும். கடல் பக்கமிருந்து வருகிறவன் அலையின் முதுகைத்தான் பார்ப்பான்; வாசலுக்குள் மாட்டிக்கொண்ட பிறகுதான் அதன் முகம் தெரியும். கரையில் பெண்கள் வராதே என்று துணிகளை வீசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் மீனோடு வரும் படகை அவர்கள் வரவேற்பதும் அப்படித்தான்.

தீவுச் சபையின் வானொலி மகெலிதாவின் பொறுப்பு. மேசைக்கு எதிர்ப்புறம் அவள் கொழுந்தன் லொபாதி பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டுக் குனிந்திருந்தான். சரக்குக் கப்பல்களில் மின்வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவன். பேச வேண்டுமென்றால் மைக்கின் பொத்தானை அழுத்த வேண்டும். உள்ளே ரிலே டக்கென்று மாறி, கேட்டுக்கொண்டிருந்த பெட்டியைப் பேசும் பெட்டியாக்கும். அந்த ரிலேயை இழுப்பது நகத்தளவு கறுப்பு டிரான்சிஸ்டர் ஒன்று. அதற்கு மூன்று கால். ஒரு காலில் நூலளவு மின்சாரம் கொடுத்தால், மற்ற இரண்டுக்கும் நடுவில் கயிறளவு ஓட வழிவிடும். பொத்தான் தருவது நூல். ரிலேக்கு வேண்டியது கயிறு. காலையில் படகை வழியனுப்பிப் பேசி முடித்ததும் அந்த டிரான்சிஸ்டர் செத்துப்போயிருந்தது.

அதே வகை தேவாலயத்தின் ஆம்பிளிஃபையரில் இரண்டு இருந்தன, ஸ்பீக்கருக்கு ஒன்றாக. போதகர் தயங்கினார். ஒரு ஸ்பீக்கரில் பாடினாலும் ஆண்டவருக்குக் கேட்கும் என்று சொல்லி லொபாதி ஆம்பிளிஃபையரையே வாங்கி வந்துவிட்டான். பிடுங்கிய முதல் டிரான்சிஸ்டரை அவன் பற்றவைத்ததும் மகெலிதா பொத்தானை அழுத்தி, “தலோஃபா” என்றாள். வணக்கத்துக்குப் பதில் வணக்கம் வாங்காமல் அந்தத் தீவில் யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. பதிலுக்காகப் பொத்தானை விட்டாள். ரிலே திரும்பவில்லை. கருகிய வாடை வந்தது. லொபாதி டிரான்சிஸ்டரின் காலை வெட்டிவிட்ட பிறகுதான் பெட்டிக்கு மறுபடி காது கேட்டது.

“ஒரு வணக்கத்துக்கு ஒண்ணு போச்சு, அண்ணி,” என்றான். சிரிக்கவில்லை.

இரண்டாவதைக் கேட்காமலே பிடுங்கினான். ஏன் செத்ததென்று தெரியாமல் இதையும் வைப்பது முட்டாள்தனம் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தபோதே பெட்டி பேசியது. வாசல் கண்ணுக்குத் தெரிகிறது, கயிறு பிடிக்க ஆளைத் தயாராக வையுங்கள் என்றான் ஃபலானி. மண்ணெண்ணெய் அடுப்பில் காய்ந்த பற்றவைப்பு இரும்பை எடுத்து லொபாதி மூன்று கால்களையும் ஒட்டி முடித்தான்.

“இதுதான் கடைசி.”

அவள் அழுத்தினாள். ரிலே டக்கென்றது. பேச்சு வெளியே போவதைக் காட்டும் முள் எழுந்தது. வணக்கம் உதடுவரை வந்து நின்றது. போன தடவையும் இதே சத்தம் வந்தது, முள் இப்படித்தான் எழுந்தது. காலையிலும் நன்றாகப் பேசிவிட்டுத்தானே கையெடுத்தாள்?

“லொபாதி,” என்றாள், மைக் திறந்திருக்கும்போதே. “அழுத்துறப்ப சாகல. விடுறப்பதான் சாகுது.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு டார்ச்சை ரிலேக்கு அடியில் பிடித்தான். அங்கே இருந்த டையோடின் ஒரு கால் உப்பு அரித்து, பச்சை பூத்து, ஒடிந்து தொங்கியது.

“விட்டுடாதீங்க அண்ணி. சுருள்ல ஓடுற மின்சாரத்த பட்டுனு நிறுத்தினா எகிறி அடிக்கும். அத வாங்கிக்கத்தான் இது இருந்துச்சு. வேற போடறேன், அதுவரைக்கும் பேசிட்டே இருங்க.”

ஆம்பிளிஃபையரில் டையோடு இருந்தது. ஆனால் இரும்பு ஆறிவிட்டிருந்தது. அதை மறுபடி அடுப்பில் வைத்தான்.

மகெலிதா மைக்கை வாயருகே இழுத்தாள். “ஃபலானி, பதில் பேசாத. பட்டன்ல கை வைக்காத, வச்சா நான் சொல்றது உனக்குக் கேக்காது. வாசல் மூடிடுச்சு. அலை சுவர் மாதிரி நிக்குது. உள்ள வராத. வெளியவே திரும்பி வடக்கால சுத்தி கெழக்குப் பக்கம் போ. அங்க அலை இல்ல, பாறைக்கு வெளியவே நில்லு, ஆளுங்க நீந்தி வருவாங்க.”

அதையே திரும்பச் சொன்னாள். அவன் கேட்கிறானா, பழக்கதோஷத்தில் தன் பொத்தானை அழுத்திக்கொண்டு வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறானா, தெரியாது. சன்னல் வழியே படகு தெரிந்தது. அதன் மூக்கு வாசலைத்தான் பார்த்திருந்தது. ஓர் அலை அதை மறைத்தது.

கட்டைவிரல் மரத்துக்கொண்டு வந்தது. இன்னொரு கையால் அதன்மேல் அழுத்திக்கொண்டாள். பேட்டரியின் முள் இறங்கிக்கொண்டிருந்தது. லொபாதி டையோடைத் திருப்பினான், மறுபடி பழையபடி திருப்பினான். வெள்ளி வளையம் நேர்மின் பக்கம் இருக்க வேண்டும். மாறி வைத்தால் அவள் கையெடுக்கும் முன்பே கடைசி டிரான்சிஸ்டர் எரிந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை பார்த்துக்கொண்டு, இரும்பை எடுத்தான். ஒரு கால் ஒட்டியது. அடுத்ததற்கு மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டான்.

அவளுக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. “திரும்பு. உள்ள வராத. போன வாரம் வலைய நாந்தான் கிழிச்சேன், நண்டு மேல பழி போட்டேன். திரும்பு, ஃபலானி.”

“ஆச்சு. விடுங்க.”

அவள் விடவில்லை.

“அண்ணி, விடுங்க. அவன் என்ன சொல்றான்னு கேக்க வேணாமா?”

விரலை எடுத்தாள். டக்கென்று ரிலே திரும்பியது. இரைச்சல். வெறும் இரைச்சல். சன்னலுக்கு வெளியே அலை இறங்கியது. படகு இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. அவள் இன்னும் வடக்கே பார்க்கவில்லை.

“இப்ப பேசலாமா?” என்றது பெட்டி.

லொபாதி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

திரும்பிவிட்டோம், கிழக்கே போகிறோம் என்றான் ஃபலானி. மூச்சு வாங்கியது. திரும்பும்போது அலையின் முகத்தைப் பார்த்துவிட்டோம், இன்னும் கொஞ்சம் போயிருந்தால், என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டான். பிறகு, “என்னடி, ஒரு தலோஃபா கூட இல்லாம திட்ட ஆரம்பிச்சுட்ட? வலைக்கதைய வீட்டுக்கு வந்து பேசிக்கறேன்,” என்றான்.

மகெலிதா லொபாதியைப் பார்த்தாள். அவன் டிரான்சிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அழுத்தினாள், “தலோஃபா” என்றாள், விட்டாள்.

டக். டக்.