மணி பன்னிரண்டு என்று எழுதினேன்

எட்டாம் வகுப்பில் கணக்கு டீச்சர் என் தலையில் குட்டியதோடு எனக்கும் கணக்குக்கும் இருந்த உறவு முறிந்தது. இருபத்திரண்டு வருஷ நர்ஸ் வேலையை, டாக்டர் எழுதிய டோஸைப் போட்டோமா, நேரத்தைக் குறித்தோமா என்று ஓட்டிவிட்டேன். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் மதியம் இரண்டரைக்கு வகுப்பு. மருந்து உடம்பில் எவ்வளவு நேரம் தங்கும், அடுத்த டோஸ் எப்போது என்று நாங்களும் கணக்குப் போடப் பழக வேண்டுமாம். சொல்லித்தருகிறவள் எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்துக்காரி. என் மகளைவிட இரண்டு வயது சின்னவள். தப்பிக்கப் பல்வலி என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். நடக்கவில்லை.

அன்று பலகையில் இரண்டே எண்கள் எழுதினாள். "காலையில எட்டு மணிக்கு ஒருத்தர் ரத்தத்துல மருந்து முப்பத்திரண்டு. பன்னண்டு மணிக்கு எட்டு. பாதியாகுறதுக்கு எவ்ளோ நேரம் ஆகுது?"

முப்பத்திரண்டில் பாதி பதினாறு. பதினாறில் பாதி எட்டு. நாலு மணி நேரத்தில் இரண்டு தடவை பாதியாகியிருக்கிறது. "ரெண்டு மணி நேரம்!" என்று கத்தியேவிட்டேன், எல்லோருக்கும் முன்னால்.

"பாத்தீங்களா, அக்கா வராது வராதுன்னாங்க! இதுக்குப் பேருதான் அரை ஆயுள்," என்றாள் அவள். எங்களோடு வகுப்பில் உட்கார்ந்திருந்த லேப்காரர் கைதட்டினார். அந்த ஒரு நிமிஷம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் பலகையைக் காட்டித் தொடர்ந்தாள்: "மருந்து இவ்ளோ சீக்கிரம் வெளியேறுதேன்னு, பன்னண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போட்டதை எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையா மாத்தச் சொன்னேன். ஆனா இன்னைக்கு இவரோட கிட்னி ரிப்போர்ட் கொஞ்சம் ஏறியிருக்கு. கிட்னி தளர்ந்தா மருந்து மெதுவாத்தானே வெளியேறணும், எங்கயோ இடிக்குது. நம்ம ஏழாம் நம்பர் பெட்டுதான்."



ஏழாம் நம்பர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு எடுக்க வேண்டிய அவர் ரத்தத்தை நான் மறந்துபோனேன். ஞாபகம் வந்தபோது மணி நாலு. எடுத்தேன். ரத்தம் பிடித்த குழாயின் சீட்டில் மணி பன்னிரண்டு என்று எழுதினேன். எங்கள் வார்டில் கடிகாரத்தைப் பார்த்து யாரும் எழுதுவதில்லை; ஆர்டரைப் பார்த்துத்தான் எழுதுவோம். தாமதம் என்று எழுதினால் விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும், யாருக்கு வேண்டும் அந்தத் தலைவலி? எட்டு மணி நேரத்தில் நடந்ததை நாலு மணி நேரத்துக்குள் திணித்திருக்கிறேன். அப்படியானால் அரை ஆயுள் இரண்டு இல்லை, நாலு. பழைய மருந்து இறங்குவதற்குள் மேலே மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறோம். ஐயோ, இந்தக் கணக்கும் சட்டென்று வந்து தொலைத்தது.

நேற்று அவர் என் கையைப் பிடித்துச் சொன்னார்: "சிஸ்டர், காதுக்குள்ள யாரோ விசில் ஊதிக்கிட்டே இருக்காங்க."

"முப்பது வருஷமா நீங்க ஊதினதுதான் திரும்பி வருது," என்றேன். வார்டே சிரித்தது. அவரும் சிரித்தார். அந்த மருந்து மிஞ்சினால் காதைக் கெடுக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேலி பேசினேன்.

"லேப் மெஷின் கோளாறா இருக்கும்," என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

லேப்காரர் முகம் சுருங்கியது. "போன வாரந்தாம்மா சரிபாத்தோம்."

யாரும் நம்பினமாதிரி தெரியவில்லை. பழி அவர் தலையில் விழுந்தால் விழட்டும் என்றுதான் நினைத்தேன். சொல்லவே நாக்கூசுகிறது, ஆனால் நினைத்தேன்.

"டாக்டர் ஆபரேஷன்ல இருக்காரு. நாலு மணிக்கு வந்ததும் கேட்டுடறேன்," என்றாள் மருந்தகத்துக்காரி.

சுவர்க் கடிகாரத்தில் மூன்றாகப் போகிறது. மூன்று மணிக்குக் கண்டக்டருக்கு அடுத்த டோஸ்.

நாற்காலி சாய்ந்து விழுந்ததைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். ஏழாம் நம்பரில் பாட்டிலை மாட்டிவிட்டார்கள். மருந்து சொட்டத் தொடங்கியிருந்தது. திருகி நிறுத்தினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நேற்றுச் சிரித்த அதே சிரிப்பு.

"தப்பு என்னோடதுதான் ஐயா," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

அவர் காதோரம் கையைக் குவித்தார். "என்ன சிஸ்டர்? இந்த விசில்ல ஒண்ணுமே கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

திரும்பினேன். வாசலில் மருந்தகத்துக்காரி மூச்சு வாங்க நின்றாள், அவளுக்குப் பின்னால் லேப்காரர். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். குனிந்து அவர் காதில் மட்டும் சொல்லிவிடலாம் என்று பாதி குனிந்தேன். பிறகு நிமிர்ந்தேன்.

"நாலு மணிக்கு எடுத்த ரத்தத்துக்கு, பன்னண்டு மணின்னு நான் பொய்யா எழுதினேன்."

"இன்னும் கொஞ்சம் சத்தமா," என்றார் அவர், குவித்த கையை எடுக்காமல்.