மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள்

பன்றிக்குச் சினைக்காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். ஆண் பன்றியிடம் விட்டு வந்த அன்றே என் தம்பி விரல்விட்டு எண்ணி, குட்டி போடும் தேதியைக் கொட்டில் கதவில் சாக்பீஸால் எழுதிவிடுவான். அவன் எழுதினால் எழுதினதுதான். ஊரில் அவனுக்குக் கணக்குப்புலி என்று பேர். பேர் வைத்தவன் அவனோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்திப் பார்த்திருக்க வேண்டும்.

இந்தத் தடவை கதவில் இருந்த தேதி தப்பு. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவன் கொண்டுபோய் விட்டதில் சினை பிடிக்கவில்லை. சரியாக மூன்று வாரம் கழித்துப் பன்றி மறுபடி பருவத்துக்கு வந்தது. அப்போது தம்பியும் அவன் பெண்டாட்டியும் ஊரில் இல்லை. பிள்ளைத்தாய்ச்சியான அவளுக்கு ஆறாம் மாதத்திலேயே கால் வீங்கிப்போய், டவுன் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுக்க வைத்திருந்தார்கள். நான் கொட்டிலைச் சரியாகச் சாத்தாமல் வந்துவிட்டேன். பன்றி தப்பியோடி அடுத்த பண்ணை ஆண் பன்றியிடம் போய்விட்டது. அந்தப் பண்ணைக்காரனுக்கும் தம்பிக்கும் முகம் கொடுத்துப் பேச்சே கிடையாது. பன்றியைத் தேடிப் பிடித்து இழுத்து வந்தேன். கை கால் கழுவினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

புருஷனை விட்டுவிட்டு வந்து தம்பி வீட்டில் சாப்பிடுகிறவள் நான். "ஒரு கதவைச் சாத்தக்கூடத் துப்பில்லையா?" என்று அவன் கேட்டால் அந்த வாரம் முழுக்கச் சோறு தொண்டையில் இறங்காது. அவ்வளவுதான் காரணம். பெரிய வஞ்சம் எல்லாம் ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்: கடைசி மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், வலி வந்த பிறகு கிளம்பினால் பிள்ளைக்கு ஆபத்து. தம்பி பெண்டாட்டியின் அம்மா வீடு ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்து. எங்கள் பக்கமோ பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அவள் பையைக் கட்டிக் கொட்டில் ஆணியிலேயே மாட்டி வைத்தாள்.

தம்பி விடவில்லை.

"பன்னி குட்டி போடட்டும், மறுநாளே பஸ் ஏத்தி விடுறேன். நீ இல்லாம அது போட்டா ஒண்ணும் மிஞ்சாது."

அதில் பொய் இல்லை. போன தடவை அவள் இல்லாதபோது நான் உள்ளே போனேன். பன்றி மிரண்டு, போட்ட குட்டிகளில் மூன்றைக் கடித்துத் தின்றது. பிறகு என் முழங்கையையும் பதம் பார்த்தது. அவளோ அதைச் சவலைக் குட்டியாக இருந்தபோது புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள். அவள் வயிற்றைத் தடவிக்கொடுத்தால் அது சாதுவாகப் படுத்துக்கொள்ளும்.

கதவில் எழுதியிருந்த நாள் வந்தது, போனது. அவள் தினமும் குனிய முடியாமல் குனிந்து காம்பைப் பிதுக்கிப் பார்ப்பாள். பால் வந்தால் ஒரு நாளில் குட்டி வரும். வரவில்லை. புது வைக்கோலைப் பிரித்துப் போட்டாள். ஈனப்போகிற பன்றி அதை வாயால் கவ்விக் கவ்விப் படுக்கை கட்டும். இது அதன் மேலே படுத்துக் குறட்டை விட்டது.

"ரெண்டுல எது முந்துதுன்னு பாப்போம்" என்று தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன். அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள்.

ஆறாம் நாள் என்னிடம் வந்தாள்.

"அண்ணி, நாள் கணக்கு சரிதானே? இடையில ஒண்ணும் நடக்கலையே?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் ஒரு வார்த்தையில் அவளைக் கெடுத்தேன்.

"சரிதான்."

ஒன்பதாம் நாள் காலை பஸ் போய் ஒரு மணி நேரம் இருக்கும். தம்பி தவிடு வாங்கப் போயிருந்தான். கொட்டிலில் அவள் கத்துவது கேட்டது. ஓடினேன். பன்றிக்குப் பரப்பிய வைக்கோலில் அவள் கிடந்தாள். பன்றி எழுந்து மூலையில் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் வேன் தேடி அலைந்து, வேன் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் கொடி சுற்றிய பிள்ளையின் மூச்சு அடங்கிவிட்டது. ஆண் பிள்ளை. அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

நாலாம் நாள் தம்பி அவளைத் திரும்பக் கூட்டி வந்துவிட்டான். பன்றி இன்னும் குட்டி போடவில்லையே.

கதவில் இருந்த தேதிக்கு இருபத்தோராம் நாள் காலை, பன்றி வைக்கோலைக் கவ்விக் கவ்விப் படுக்கை கட்டியது. மத்தியானம் குட்டி வர ஆரம்பித்தது. அவள் உள்ளே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் துடைத்துப் பன்றியின் மடியில் விட்டாள். அவள் ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. தம்பி வேலிக்கு வெளியே நின்று எண்ணினான். ஆறு ஆனதும் அவனுக்கு வாயெல்லாம் பல்.

"சொன்ன சொல் தவற மாட்டேன். எல்லாம் போட்டு முடிக்கட்டும், நாளைக்கே நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு வா."

அவள் கை நின்றது. நிமிர்ந்து கதவிலிருந்த சாக்பீஸ் எழுத்தைப் பார்த்தாள். உதடு அசைந்தது, எண்ணினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இருபத்தோரு நாள் அண்ணி. ஆறாம் மாசம் நான் ஆஸ்பத்திரில கிடந்தேனே, அந்த ரெண்டு நாள்."

நான் தரையைப் பார்த்தேன். அவளுக்கு அது போதும்.

ஏழாவது பாதி வெளியே வந்திருந்தது. அவள் பன்றியின் வயிற்றிலிருந்து கையை எடுத்தாள். சுவரைப் பிடித்து எழுந்து, ஆணியிலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"இனிமே நீங்க பாத்துக்குங்க அண்ணி."

கதவைத் திறந்து வெளியே வந்து, திரும்ப நன்றாகச் சாத்தித் தாழ் போட்டாள். தம்பி கூப்பிடக் கூப்பிட, திரும்பாமல் பஸ் நிற்கிற திசையில் நடந்தாள்.

பன்றி தலையைத் தூக்கி அவளைத் தேடியது. எழுந்து நின்றது. காலடியில் கத்திய முதல் குட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு வாயில் கவ்வியது. எலும்பு நொறுங்கும் சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. உள்ளே போக எனக்குத் தைரியம் இல்லை.

"என்னக்கா ஆச்சு அவளுக்கு? ஏன் போறா?" என்று தம்பி என்னை உலுக்கினான்.

"எனக்கென்னடா தெரியும்" என்றேன்.