குறைந்த ஒரு மார்க்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். வேலையிலும் அப்படித்தான். கர்ப்பமாக இருக்கும்போது புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்ட பெண்களையும் அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளையும் பற்றி எங்கள் ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடக்கிறது. குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியிலிருந்து கொஞ்சம் ரத்தம் என் ஆய்வுக்கூடத்துக்கு வரும். அதிலிருந்து நோய் எதிர்ப்பு அணுக்களைப் பிரித்து, கிருமியின் துண்டு ஒன்றைக் காட்டி, விழித்துக்கொள்கின்றனவா என்று பார்ப்பேன். விழித்தால் என் செல்லங்கள். விழிக்காவிட்டால், "எழுந்திருங்கடா சோம்பேறிகளா" என்று சத்தமாகவே திட்டுவேன். பக்கத்து மேசைக்காரர்களுக்குப் பழகிவிட்டது.

எங்கள் ஆய்வில் இருந்த தாய்மார்களில் ஒருத்தியை வார்டே 'டீச்சர்' என்று கூப்பிட்டது. அவள் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். வயிறு தெரிய ஆரம்பித்த சமயத்தில்தான் கழுத்தில் நெறிகட்டி, அது புற்று என்று தெரிந்தது. மருந்து ஏறும்போது மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். இவள் கதை அளப்பாள்.

"எனக்கு இதெல்லாம் பழக்கம் மேடம். பக்கத்து சீட்ல உக்காந்து உயிரக் கையில பிடிச்சிக்கிட்டிருக்கறதுதான் என் பொழப்பே. எங்கிட்டயும் ஒரு பிரேக் இருக்குங்கறது ஒண்ணுதான் ஆறுதல்" என்பாள்.

பிரசவ அறையின் மூத்த நர்ஸுக்கு நாங்கள் வைத்த பெயர் கஞ்சம் சிஸ்டர். பிறந்த குழந்தைக்கு அங்கே மார்க் போடுவார்கள். நிறம், நாடித்துடிப்பு, சீண்டினால் முகம் சுளிப்பது, கைகால் அசைவு, மூச்சு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு. அவர் கையால் பத்துக்குப் பத்து வாங்கிய பிள்ளை கிடையாது. உள்ளங்கால் நீலமாக இருக்கிறது என்று ஒரு மார்க்கைப் பிடித்துவைத்துக்கொள்வார். என்ன, உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா போகிறது என்று கேட்டால், "வந்து அஞ்சு நிமிஷந்தான் ஆகுது. அதுக்குள்ள என்ன முழு மார்க்கு?" என்பார். டீச்சரின் மகனுக்கும் ஒன்பதுதான். ஒரு மார்க் எங்கே போயிற்று என்று அவள் படுத்தபடியே அவரிடம் சண்டை போட்டாளாம்.

அந்தக் குழந்தையின் ரத்தம் என்னிடம் வந்தது. அணுக்கள் விழிக்கவில்லை. எந்தக் கும்பகர்ணனையும் எழுப்பிவிடுகிற மருந்து ஒன்று எங்களிடம் உண்டு. கடைசியில் அதையும் போட்டுப் பார்த்தேன், அதற்கும் அசையவில்லை. உயிரோடு இருந்தன, ஆனால் எழவில்லை. குறை குழந்தையிடமா, ரத்தம் வந்த வழியிலா என்று எனக்கு அப்போதே உறுத்தியது. ஆனால் விதி விதிதானே? இப்படி வந்தால் குழந்தை மருத்துவருக்கு உடனே சொல்ல வேண்டும், சில தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். சொன்னேன். மறுபடி சோதிக்கும்வரை தாய்க்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னேன். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஊசி போடுகிறார்கள், என் பிள்ளைக்கு மட்டும் ஏன் போடவில்லை என்று அவள் கேட்டிருக்கிறாள். டாக்டர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். நல்ல குணம்தான், ஆனால் அன்று அவரைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது எனக்கு.

மறுநாள் டாக்டரே என் கூடத்துக்கு வந்தார். "அந்தம்மா அடுத்த சுற்று மருந்து வேண்டாங்கறாங்க. கொஞ்சம் வந்து பேசிப் பாருங்க" என்றார். அடுத்த சுற்றைத் தள்ளிப்போட்டால் கட்டி மறுபடி தலைதூக்கும். இதுவரை அவள் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்.

நான் போனபோது டீச்சர் கட்டிலில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியாக மருந்து ஏற்றிப் பல வாரம் ஆகிவிட்டதால், அடுத்த சுற்று தொடங்கும்வரை தாய்ப்பால் கொடுக்கலாம் என்று டாக்டர் அனுமதித்திருந்தார். தொடங்கிவிட்டால் பாலில் மருந்து இறங்கிவிடும், நிறுத்தியாக வேண்டும். பக்கத்தில் அவள் புருஷன் காலி ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்களாவது சொல்லுங்க மேடம். எங்கிட்ட பேசவே மாட்டேங்குறா" என்றார்.

"பேச என்ன இருக்கு?" என்றாள் டீச்சர், குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த ஒரு மார்க்க நாந்தான் தின்னுட்டேன் மேடம். எனக்குன்னு ஏத்திக்கிட்ட மருந்து இவனோட சத்தயும் சேத்து அழிச்சிருச்சு. உள்ள இருந்தப்ப இவனக் காப்பாத்தல. இப்ப பாலயாவது குடுக்குறேன். எதிர்ப்பு சக்தி பால்ல இருக்கா இல்லியா, நீங்களே சொல்லுங்க."

"இருக்கு. அதுக்காக..."

"அவ்ளோதான். இவனுக்குச் சொந்தமா சக்தி வர்ற வரைக்கும் மருந்து வேணாம்."

"நீ இல்லாம அவனுக்கு என்ன பால், என்ன சக்தி?" என்று வெடித்தேன். கேட்டவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பதறிய காரியம் சிதறும் என்பது எனக்காகவே சொன்னது. அவள் அழவில்லை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். குழந்தையிடமிருந்து இன்னொரு முறை ரத்தம் எடுக்கக் கேட்டேன். திரும்பாமலே சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ரத்தம் எடுக்கக் கஞ்சம் சிஸ்டரே வந்தார். பிஞ்சுக் கையில் நரம்பு தேடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒரே குத்து, குழந்தை ஒரு முறை வீறிட்டதோடு சரி. குழாயை மூடி, அதன்மேல் பெயர்ச்சீட்டை ஒட்டினார். நான் டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"மெதுவா வாங்கம்மா. அன்னைக்கு மாதிரியே பத்திரமா வெச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே, நர்ஸ் அறை ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

நான் போட்ட கூச்சலில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

மற்ற நாட்களில் எங்கள் ஆள் பிரசவ அறை வாசலிலேயே நின்று ரத்தத்தைச் சூட்டோடு வாங்கி வந்துவிடுவார். டீச்சர் பிரசவித்தது விடுமுறை நாளில். ஆள் வர நேரமாகியிருக்கிறது. ரத்தம் என்றாலே குளிரில் வை என்றுதான் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் பாலபாடம். கெட்டுப்போகக் கூடாதே என்று சிஸ்டர் ஃப்ரிட்ஜில், அதுவும் உள்ளே நன்றாகத் தள்ளி வைத்திருக்கிறார். எந்தச் சோதனைக்கும் அது சரி. என் சோதனைக்கு மட்டும் விஷம். இந்த அணுக்களைக் குளிரில் வைத்தால் சாகாது, ஆனால் விறைத்து மந்தமாகிவிடும், அப்புறம் தட்டினாலும் எழாது. என் கைக்கு வந்து சேர்வதற்குள் குழாய் பழைய சூட்டுக்குத் திரும்பிவிட்டதால் எனக்குத் தெரியாமல் போயிற்று.

நான் இதைச் சொன்னபோது சிஸ்டர் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"அப்ப அந்தப் பொண்ணு மருந்து வேணான்னது என்னாலயா?"

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவசரப்பட்டு நல்ல மனுஷியைப் பார்த்து எல்லார் முன்னாலும் கத்திவிட்டேனே என்று எனக்கே அவமானமாக இருந்தது. "முடிவு வரட்டும் சிஸ்டர். இது என் யூகந்தான்" என்று மட்டும் சொன்னேன்.

குழாயை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு படியிறங்கினேன். அன்று அணுக்களைத் திட்டவில்லை. கெஞ்சினேன். அடுத்த நாள் காலையில் பார்த்தபோது, கிருமியின் துண்டைக் கண்டதும் சண்டைக்குத் தயாராக எழுந்து நின்றிருந்தன. பிறந்த குழந்தைக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு. மேசையில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன். பக்கத்து மேசைக்காரர்களுக்கு அதுதான் பழக்கமில்லை.

டீச்சரிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். கஞ்சம் சிஸ்டர் கேட்கவில்லை. என்னை முந்திக்கொண்டு கட்டிலருகே போனார்.

"ம்மா, தப்பு உன் மருந்துல இல்ல. எங்கிட்ட. வைக்கக் கூடாத எடத்துல நான் ரத்தத்த வெச்சிட்டேன். புள்ளைக்கு எல்லாம் சரியா இருக்கு. அந்த ஒரு மார்க்கும், உள்ளங்கால் நீலமா இருந்ததுக்குத்தான். பொறந்த புள்ளைங்க எல்லாத்துக்கும் அப்பிடித்தான் இருக்கும். யாருக்குமே நான் பத்து போட்டதில்ல, வேணும்னா இவங்களக் கேளு" என்றார்.

டீச்சர் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்ட அவளுக்கு உரிமையும் இருந்தது. ஆனால் அவள் சிஸ்டரின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"பிரேக்க மிதிக்கிறதா நெனச்சு ஆக்ஸிலரேட்டர மிதிக்கிறவங்கள தெனமும் பாக்குறேன் சிஸ்டர். அவங்க யாரும் இடிக்கணும்னு மிதிக்கிறதில்ல" என்றாள். பிறகு குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "ஆனா இப்ப எனக்குச் சாக்கு சொல்ல ஒண்ணுமில்லாமப் போச்சே. இவனுக்குச் சக்தி இருக்குன்னா, நான் பால நிறுத்தித்தான ஆகணும்?"

அவள் புருஷன் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

மருந்து ஏற்றும் நாளில் சிஸ்டர் குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். நானும் வேலையைப் போட்டுவிட்டுப் போயிருந்தேன். திரைக்குப் பின்னால் டீச்சர் அவனுக்குப் பால் கொடுத்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஊசி போட வந்த பெண்கூடத் தட்டை வைத்துக்கொண்டு வெளியே நின்றாள். அவன் குடித்து முடித்து, வாயோரம் பால் வழிய, கண் செருகிப்போய்க் கிடந்தான். டீச்சர் அவன் வாயைத் துடைத்தாள். எழுப்பாமல் நெஞ்சோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதல் நாள் வண்டியில் ஏறும் பிள்ளைகளிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"இனிமே நீதாண்டா ஓட்டணும். பயப்படாத. பக்கத்து சீட்ல அம்மா இருக்கேன்."

பிறகு அவனை சிஸ்டரின் கையில் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்து நீட்டினாள்.