வெள்ளைக் கோடு

அந்தக் காரை நான் சக்களத்தி என்றுதான் சொல்வேன். முப்பது வயது, சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் பதுங்கி உட்கார்ந்திருக்கும் பந்தயக் கார். என் வீட்டுக்காரர் அதைக் கட்டி இழுத்து வந்து ஷெட்டில் நிறுத்தி ஒன்பது வருடமாகிறது. முக்கால்வாசிக் காலம் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு தூங்கியது. மனுஷனுக்கு நேரம் வாய்க்கவில்லை. வாய்த்தபோது அது நோயின் வழியாக வாய்த்தது.

அவர் பஸ் பணிமனையில் இன்ஜின் மெக்கானிக். இருபத்தாறு வருட சர்வீஸ். போன வருடம் வலது கை விரல்கள் சும்மா இருக்கும்போதே ஆட ஆரம்பித்தன. நரம்பு டாக்டர் நோயின் பெயரைச் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து வாருங்கள், அப்போது பார்த்துவிட்டு இனி வண்டி ஓட்டலாமா கூடாதா என்று எழுதித் தருகிறேன் என்றார். பணிமனை அதுவரை காத்திருக்கவில்லை. மறுவாரமே அவரை ஸ்டோருக்கு மாற்றி, நட்டு போல்ட் எடுத்துக் கொடுக்கிற வேலையில் உட்கார வைத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் தார்ப்பாயை உருவினார்.

"டாக்டர் கூடாதுன்னு எழுதறதுக்கு முன்னாடி இதுல ஒரு தடவை போயிடணும். நீ பக்கத்துல உக்காரணும். அணைக்கட்டு ரோடு வரைக்கும் போனாப் போதும்."

இருபத்து நான்கு வருடக் குடித்தனத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் காரியம் அது. சோபாக் கடைக்கு உறை தைக்கிறவள் நான். சக்களத்திக்கும் இருக்கை தைத்துத் தருகிறேன் என்று அன்றைக்கே அளவெடுத்தேன்.

இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார். பழைய ரேடியேட்டரைத் தூக்கிவிட்டு இரண்டு மடங்கு பெரியதாக ஒன்றைப் பொருத்தினார். முன் சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க் பிரேக் போட்டார். வேகம் கூட்டுகிறவன் முதலில் நிற்கக் கற்க வேண்டும் என்பது அவருடைய வேதவாக்கு. அவர் வேலையில் ஒரு முறை உண்டு. போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்கியதும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை ஒரு வெள்ளைக் கோடு இழுப்பார். என் நெயில் பாலிஷ் பாட்டில்தான் அதற்குப் பலி. போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். கோடு போட்ட இடத்தை அவர் மறுபடி தொடமாட்டார். இது முடிந்தது என்று தனக்குத்தானே போட்டுக்கொள்கிற கையெழுத்து அது.

கனமான ஸ்பேனரைப் பிடித்தால் ஆட்டம் அடங்கிவிடுகிறது, லேசான சாமானைப் பிடித்தால்தான் தொந்தரவு என்று அவர் சொல்வார். எனக்கு அது மனதைத் தேற்றிக்கொள்கிற பேச்சாகத்தான் பட்டது. மாத்திரை டப்பா மூடியைத் திறக்க அவர் படும் பாட்டைத் தினமும் பார்க்கிறவள் நான்தானே.

முதல் மாதக் கடைசியில் ஒரு நாள், அவர் கைப்பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். ஷெட்டைப் பெருக்கப் போனேன். கார் நான்கு தாங்கிகளின் மேல் நின்றது. முன் சக்கரத்து நட்டு ஒன்றில் துணி பட்டது. தொட்டேன். விரலாலேயே திரும்பியது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் கழன்று ஓடுவதும், அவர் முகமும் கண்முன் வந்தன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மற்ற நட்டுகளையும் திருகிப் பார்த்தேன். எல்லாமே தளர்வு.

அவரிடம் சொல்லியிருக்கலாம். ஸ்டோரில் உட்கார்ந்து நட்டு எடுத்துக் கொடுக்கிற மனுஷனிடம், உங்கள் கையில் வலு போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை. பதிலாக ஒரு காரியம் செய்தேன்.

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் அவர் கைப்பயிற்சிக்குப் போவார். அந்த இரண்டு மணி நேரத்தில், அவர் இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டையும் நான் இன்னொரு முறை இறுக்கினேன். ஸ்பேனர் நுனியில் ஒரு குழாயைச் சொருகி, மூச்சைப் பிடித்து, இன்னும் கால் சுற்று. கோடு உடையும். உடைந்ததை நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டுத் துடைத்துவிட்டு, அதே இடத்தில் புதுக் கோடு இழுப்பேன். அவர் சாயங்காலம் வந்து வேலையைத் தொடர்வார். அவருக்கே தெரியாமல் அவர் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

டாக்டரிடம் போக ஐந்து நாள் இருக்கும்போது காரை உயிர்ப்பித்தார். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. என் கையைப் பிடித்து இன்ஜின் பக்கத்தில் வைத்தார். கதகதவென்று இருந்தது. அவர் சிரித்ததைப் பார்த்து அடுத்த வீட்டுப் பெரியவர்கூட மதில்மேல் எட்டிப் பார்த்து, கல்யாணக் களை வந்துவிட்டதே என்றார்.

பத்து நிமிடம்தான். இன்ஜின் நடுவிலிருந்து தண்ணீர் கசிந்தது, அப்புறம் பீய்ச்சியது, அப்புறம் வெள்ளைப் புகை. அணைத்துவிட்டு மேல் மூடியைக் கழற்றினார். மூன்று போல்ட்டுகள் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றை வெறும் விரலால் உருவினார். அதைச் சுற்றி வெள்ளிக் கம்பிச் சுருள் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. இன்ஜினின் உடம்பு அலுமினியம், மெத்தென்ற உலோகம். அளவுக்கு மேல் இறுக்கினால் உள்ளே வெட்டியிருக்கும் மரை பிய்ந்துவிடும். பிய்ந்திருந்தது. வேறு உடம்பு தேடிப் பிடிக்க வருடக்கணக்காகும்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வலது கையைத் தூக்கி, யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.

"அளவு தெரியாமப் போச்சு. இந்தக் கைக்கு அளவு தெரியாமப் போச்சு."

நான்தான் என்று சொல்லத் தெரியாமல் இல்லை. சொன்னால், உங்களை நம்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் கோழை. காபி போட்டுக் கொண்டுவருகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டேன்.

இரண்டு நாள் அவர் ஷெட் பக்கம் போகவில்லை. பல் துலக்குகிற பிரஷை இடது கைக்கு மாற்றினார். பணிமனை நண்பரைப் போனில் கூப்பிட்டு, கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நண்பர் ஏதோ தேற்றியிருப்பார் போல. இது சறுக்கல் இல்லை, முடிவு என்று இவர் பதில் சொன்னது எனக்குக் கேட்டது. அப்போதும் நான் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை, நண்பர் வருவதற்குள் மிச்ச போல்ட்டுகளைக் கழற்றி வைக்கலாம் என்று ஷெட்டுக்குப் போனவர், வெகுநேரம் வெளியே வரவில்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்ஜின்மேல் குனிந்திருந்தார்.

"இந்தக் கோட்டைப் பாரு."

பார்த்தேன். போல்ட் தலைகளில் வரிசையாக வெள்ளைக் கோடுகள். தையல்காரி கை இழுத்த கோடுகள், நூல் பிடித்தாற்போல் நேர்.

"நெயில் பாலிஷ் பிரஷைப் பிடிச்சா என் கை என்ன ஆட்டம் ஆடும்னு உனக்குத் தெரியும். இவ்வளவு நேரா நான் கோடு போட்டு ஒரு வருஷமாச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், ரிமூவர், செவ்வாய், வெள்ளி. சக்கரத்து நட்டு விரலால் திரும்பியதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அந்த நட்டுல கோடு இருந்துச்சா?"

யோசித்தேன். இல்லை.

"சக்கர நட்டை, கார் தாங்கிமேல நிக்கும்போது விரலாலதான் திருகி வைப்பாங்க. தரையில எறக்குன அப்புறம்தான் இறுக்கணும். எறக்கல, அதனால இறுக்கல, அதனால கோடும் போடல."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அப்படியென்றால் உங்கள் கை நன்றாகத்தானே இருந்திருக்கிறது என்று நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொண்டார். நண்பர் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது தடுக்கவில்லை. இந்தக் கையால்தான் போச்சு என்று நினைத்திருந்த அந்த இரண்டு நாளில் இருந்ததைவிட, தெரிந்த பிறகுதான் மனுஷன் அதிகமாக ஓய்ந்துபோனார்.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரை நடக்கச் சொன்னார், விரலை மூக்கில் வைக்கச் சொன்னார், சட்டைப் பித்தானைக் கழற்றி மாட்டச் சொன்னார். பித்தானுக்கு நேரமானது. பேனாவை எடுத்துக்கொண்டு, வீட்டில் கைவேலையெல்லாம் எப்படி, பிடிமானம் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டார்.

"அவளைக் கேளுங்க டாக்டர். என் கை எப்படின்னு அவதான் மூணு மாசமாப் பாக்குறா."

குரலில் கோபமே இல்லை. நான் நாற்காலி நுனிக்கு நகர்ந்து, மடமடவென்று சொன்னேன். ஒரு முழு இன்ஜினைத் தனியாளாகக் கோத்தார், அவர் இறுக்கியதில் ஒன்றுகூட அளவு தப்பவில்லை, ஸ்பேனரைப் பிடித்தால் கை ஆடுவதே இல்லை, தப்பெல்லாம் என்னுடையது. சொன்னது அத்தனையும் சத்தியம். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் கனிவு இருந்தது. வீட்டுக்காரரைக் காப்பாற்ற வந்து உட்கார்ந்திருக்கிற எல்லாப் பெண்களையும் அப்படித்தான் பார்ப்பார் போலிருக்கிறது.

"கூட இருக்கிறவங்க எல்லாரும் இப்படித்தாம்மா சொல்லுவாங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் சட்டையின் கடைசிப் பித்தானோடு போராடிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"ஓட்ட வேணாம்னே எழுதிக் குடுங்க டாக்டர். அவளே நம்பல."