விழுந்தவன் காது

ஆதிநாராயணன் சிரித்தால் விழுவான். கோபம் வந்தால் இன்னும் சீக்கிரம் விழுவான். முதலில் தாடை தொங்கும், நாக்கு குழறும், அப்புறம் முட்டி இரண்டும் விட்டுப்போகும். இருந்த இடத்திலேயே துணி மூட்டை மாதிரி சரிவான். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். பிறகு தானாக எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொள்வான்.

இது போதாதென்று தூக்கம் வேறு. ஏர் ஓட்டிக்கொண்டே தூங்குவான். மாடுகள் அவனை இழுத்துக்கொண்டு வரப்பில் ஏறிவிடும். சோற்றில் கை வைத்தபடி தூங்குவான். சில விடியற்காலைகளில் கண் திறந்திருக்கும், கையைக் காலை அசைக்க முடியாது, மார்மேல் யாரோ உட்கார்ந்திருப்பதைப் போல மூச்சுக்குத் திணறுவான்.

பொன்னேரிப் பக்கத்து ஆரணிக்குக் கிழக்கே இருந்த அந்த ஊரில் எல்லோருக்கும் இதற்கு ஒரு காரணம் தெரியும். சோம்பேறி என்றார்கள். திருட்டுச் சாராயம் என்றார்கள். பேய் என்றவர்கள் மிளகாய்ப் புகை போட்டார்கள். பெரியபாளையத்திலிருந்து வந்த பூசாரி ஒருவன் வேப்பங்குச்சியால் அவன் முதுகைக் கிழித்தான். அடித்தால் கோபம் வரும், கோபம் வந்தால் விழுவான், விழுந்ததும் "பேய் எறங்கிடுச்சி" என்று பூசாரி தட்சணை கேட்டான். அன்றைக்கு அந்தக் குச்சியைப் பிடுங்கி அவனையே வாசல் வரை விரட்டியவள் ஆதிநாராயணனின் மனைவி கன்னியம்மா.

கல்யாணமான முதல் மாதத்திலேயே அவன் அவளிடம் ஒன்றைச் சொல்லியிருந்தான். "கீழ கெடக்கும்போது எனக்கு மயக்கம்லாம் இல்ல. எல்லாம் காதுல வுழும். வாயத் தெறக்கத்தான் முடியாது." அதை வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றான். சொன்னால் நம்பமாட்டார்கள், நம்பினால் வேண்டுமென்றே நடிக்கிறான் என்பார்கள். அந்த நாளிலிருந்து யாராவது அவனைப் பார்த்துச் சிரித்தால் கன்னியம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் படவேண்டிய கோபத்தையும் சேர்த்து அவளே பட்டாள். பதினோரு வருஷம் அப்படித்தான் போயிற்று. ஊரில் அவளுக்கு வாய்க்காரி என்று பெயர்.

அவனுடைய அண்ணன் தேசப்பனுக்குத் தம்பியை விழவைக்கத் தெரியும். பத்தொன்பது வயதில் தம்பிக்கு இந்த வியாதி வந்ததிலிருந்தே தெரியும். முதலில் விளையாட்டாகச் செய்தான். அப்பா இறந்த பிறகு அது விளையாட்டாக இல்லை.

அப்பாவுக்கு நாலு ஏக்கர் நிலம். ரெண்டு ஏக்கர் ஏரி மதகுக்குப் பக்கத்தில். ஏரியில் தண்ணீர் இருந்தால் முதலில் பாய்வது அங்கேதான். மீதி ரெண்டு ஏக்கர் மேடு. நல்ல மழை பெய்த வருஷத்தில்கூட அங்கே தண்ணீர் ஏறாது. மதகடி நிலத்தையும் மேட்டையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும்படி அப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார். வாய்ச்சொல்தான். தேசப்பன் மதகடி நிலம் முழுவதையும் உழ ஆரம்பித்தான். ஆதிநாராயணன் கேட்கப் போகும்போதெல்லாம் தேசப்பன் ஒரு வார்த்தை சொல்வான், இவன் விழுவான், பேச்சு அதோடு முடிந்துபோகும்.

அறுபத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதம், நாற்று விடும் சமயம். கன்னியம்மா வற்புறுத்தி, பஜனைக் கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. தலைவர் முனுசாமி நடுவில் உட்கார்ந்திருந்தார். முப்பது பேர் இருக்கும். ஆதிநாராயணன் எழுந்து நின்று, நிதானமாக, குரலை உயர்த்தாமல் பேசினான். கோபம் வராமல் பேச அவன் பழகியிருந்தான். மடுவில் கால் வைப்பவனைப் போல ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தான்.

"நைனா சொன்னது எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். மதகாண்ட ஒரு ஏக்கரு எனக்கு. அத்தத்தான் கேக்கறேன்."

கூட்டத்தில் ரெண்டு பேர் தலையாட்டினார்கள். தேசப்பன் அதைப் பார்த்தான். எழுந்து வந்து தம்பியின் தோளில் கை போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"உனுக்கு எதுக்குடா நெலம்? ஊட்ல ஒரு பொண்ணு கீதே, அது யாருதுன்னு மொதல்ல உம் பொண்டாட்டியக் கேளு. நீதான் தூங்கிகினு இருந்தியே."

ஆதிநாராயணனின் தாடை தொங்கியது. "நீ... நீ..." என்று குழறினான். முட்டி மடங்கி அண்ணனின் காலடியிலேயே விழுந்தான்.

கூட்டம் சிரித்தது. தலையாட்டிய ரெண்டு பேரும் சிரித்தார்கள். முனுசாமி மேல்துண்டால் வாயை மறைத்துக்கொண்டார். தேசப்பன் கீழே கிடந்தவனைக் காலால் லேசாகத் தட்டி, "இன்னிக்கி ஊத்திக்கினது கொஞ்சம் ஜாஸ்தி போல" என்றான்.

பெண்கள் நின்றிருந்த பக்கத்திலிருந்து கன்னியம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். அவள் மகள் ஸத்யபாமாவுக்கு அப்போது ஒன்பது வயது. அதுவும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது.

"காலை எடு மாமா! கூடப்பொறந்தவன் மேல வெக்கிற காலா அது? உனுக்கு நெலம்தான வேணும், எம் பொண்ணு பொறப்ப எதுக்கு இழுக்கற? சிரிக்கிறீங்களே, உங்க ஊட்ல பொண்ணுங்க இல்ல? நாக்கு அழுகிடும் உங்களுக்கெல்லாம்!"

"பொம்பள பேசற எடமா இது?" என்றார் முனுசாமி. பஞ்சாயத்து கலைந்தது. நிலம் தேசப்பனிடமே இருந்தது.

மறுநாள் காலையில் போலீஸ் வந்தது. அப்போது மதுவிலக்குக் காலம். குடித்தவன் என்று ஒரு வார்த்தை போய்ச் சேர்ந்தால் போதும். யார் சொல்லி அனுப்பியது என்று கேட்கத் தேவையே இல்லை. கான்ஸ்டபிள் அவனை ஊதச் சொன்னான். வாசனை இல்லை. இருந்தாலும் டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்று பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். கன்னியம்மா பின்னாலேயே ஓடினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தபோது கான்ஸ்டபிள் ஏதோ கேலி செய்தான். ஆதிநாராயணன் பெஞ்சிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தான். மருந்து கலக்கிக்கொண்டிருந்த கம்பவுண்டர் ஜோசப் வெளியே வந்தார். கன்னியம்மா வழக்கம்போலக் கத்தத் தயாரானாள். ஆனால் ஜோசப் சிரிக்கவில்லை. கீழே உட்கார்ந்து அவன் கையைத் தூக்கிப் பார்த்தார், தொப்பென்று விழுந்தது. அவன் முகத்துக்குக் கிட்டே குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"நான் பேசறது கேக்குதா? கேட்டா, கண்ண மட்டும் மேல தூக்கு."

ஆதிநாராயணனின் கண்கள் மேலே போயின.

கன்னியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷத்தில் அவனிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

குடிக்கவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஜோசப் ஒரு துண்டுக் காகிதத்தில் மெட்ராஸில் ஒரு டாக்டர் பெயரை எழுதிக் கொடுத்தார். "மூளை நரம்பு டாக்டரு. இது பேயும் இல்ல, குடியும் இல்ல. போய்ப் பாரும்மா."

அடுத்த வாரம் புருஷனும் பெண்டாட்டியும் கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் ரயிலைப் பிடித்து மெட்ராஸ் போனார்கள். டாக்டர் ராமானுஜம் நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு போட்டிருந்தார். அவரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் நின்றார்கள். நிறையக் கேள்வி கேட்டார். தூங்கப்போகும்போது இல்லாத ஆட்கள் தெரிவார்களா, மார்மேல் பாரம் இருக்குமா, எந்த வயதில் ஆரம்பித்தது? ஒவ்வொன்றுக்கும் ஆதிநாராயணன் ஆச்சரியத்தோடு "ஆமா சாமி" என்றான். இந்த ஆள் கூடவே இருந்து பார்த்ததைப் போலக் கேட்கிறாரே!

அப்புறம் அவர் அவனை எழுந்து நிற்கச் சொல்லி ஒரு வேடிக்கைக் கதை சொன்னார். மாமியார் வீட்டு விருந்தில் வேட்டி அவிழ்ந்த மாப்பிள்ளையின் கதை. அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான், சிரித்தபடியே சரிந்தான். டாக்டர் பிடித்துத் தரையில் விட்டார். முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டிக் காட்டினார், கால் அசையவில்லை. பின்வரிசையில் ரெண்டு மாணவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"இன்னாத்துக்கு சிரிக்கிற?" கன்னியம்மா அந்த இருவர் முன்னாலும் போய் நின்றாள். "படிச்சவன்தான நீ? எங்க ஊர்ல சிரிக்கிறானுங்கோ, அவனுங்க மாடு மேய்க்கிறவனுங்கோ. உனுக்கு இன்னா வந்துச்சி? அந்த ஆளு காதுல எல்லாம் வுழுது, தெரியுமா? இப்ப நீ சிரிச்சதும் வுழுது!"

டாக்டர் மாணவர்களைத் திரும்பிப் பார்த்தார். "அந்தம்மா சொன்னதை எழுதிக்கோங்கோ. புத்தகத்துல இருக்கறதைவிட அது முக்கியம். நினைவு தப்பறதே இல்லை. நீங்க ரெண்டு பேரும் வெளியில நில்லுங்கோ." பிறகு அவளிடம், "நானும் முன்னாடியே உங்ககிட்ட சொல்லிட்டுச் செஞ்சிருக்கணும்மா. தப்புதான்" என்றார்.

அதற்கு ஒரு பெயர் சொன்னார். நார்கோலெப்ஸி. அவள் வாயில் நுழையவில்லை. தூக்கத்தைக் கட்டி வைக்கும் முடிச்சு மூளையில் அவிழ்ந்துபோன மாதிரி என்றார். தூங்கும்போது எல்லாருக்கும் உடம்பு செயலற்றுப் போகிறது. இவனுக்கு அது விழித்திருக்கும்போதே வந்துவிடுகிறது, அதுவும் மனசு பொங்கும்போது. முழுசாகக் குணமாகாது. மாத்திரை உண்டு: ஒன்று பகல் தூக்கத்தை விரட்ட, ஒன்று விழாமல் இருக்க. மத்தியானம் அரைமணி கட்டாயம் தூங்க வேண்டும்.

"இந்த மாத்திரை எப்பத்துலேந்து கீது சாமி?" என்று கேட்டாள் கன்னியம்மா.

"ஏழெட்டு வருஷமா இருக்கு."

திரும்பும் ரயிலில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மிளகாய்ப் புகையும் வேப்பங்குச்சியும் நினைவுக்கு வந்தன. பெயர் இருந்திருக்கிறது, மருந்து இருந்திருக்கிறது, முப்பது மைல் தூரத்தில். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் அது. ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு பொன்னேரி வரை வந்தாள்.

மாத்திரை வேலை செய்ய ஒரு மாதம் ஆயிற்று. வாய் வறண்டது, எந்நேரமும் தண்ணீர் குடித்தான். ஆனால் விழுவது குறைந்தது. கால் தள்ளாடும், ஏதாவதொன்றைப் பிடித்துக்கொண்டால் நின்றுவிடுவான். ஊருக்கு இதைச் சொல்ல வேண்டாம் என்றான். கன்னியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்லவில்லை.

தை அறுப்பு முடிந்ததும் மறுபடி பஞ்சாயத்து. இந்த முறை கேட்டது அவன். அதே பஜனைக் கோயில், அதே முனுசாமி. ஆதிநாராயணன் பேச ஆரம்பித்ததும் தேசப்பன் சிரித்துக்கொண்டே எழுந்தான்.

"இன்னாடா, பொண்ணு யாருதுன்னு உம் பொண்டாட்டியக் கேட்டியா?"

ஆதிநாராயணனின் முட்டி ஆடியது. தாடை ஒரு பக்கம் இழுத்தது. அவன் கோயில் தூணைப் பிடித்துக்கொண்டான். எல்லோரும் அவன் விழக் காத்திருந்தார்கள். கன்னியம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மாமா, உன் நாக்கு—"

"நீ வாய மூடு!"

கத்தியது ஆதிநாராயணன். அந்தக் குரலை ஊர் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

"பதினோரு வருசமா நீதான் பேசற. எனக்கு வாய் இல்ல? என்னோட ஏச்சு, என்னோட பேச்சு, எல்லாத்தையும் நீயே எடுத்துக்கினா நான் இன்னாத்துக்கு? போ அப்பால!"

கன்னியம்மா ஓரடி பின்வாங்கினாள். அவன் தூணை விடாமல் அண்ணன் பக்கம் திரும்பினான்.

"போன ஆடில நான் வுழுந்தப்ப கால்ல தட்டின. 'ஊத்திக்கினது ஜாஸ்தி'ன்னு சொன்ன. நைனா காரியத்தன்னிக்கி வுழுந்தேன். 'நைனாவுக்குப் பதிலா இவன் போய்ச் சேர்ந்திருக்கலாம்'னு உம் மச்சான்கிட்ட சொன்ன. உன் கல்யாணத்துல வுழுந்தேன். சந்தனக் கிண்ணத்த மூஞ்சில கவுத்திட்டு, 'எச்சி ஒழுவுது பாரு'ன்ன." அவன் கூட்டத்தைப் பார்த்தான். "தலைவரே, நீங்க சிரிச்சதும் எனக்குத் தெரியும். அரசப்பா, நீ என் இடுப்புலேந்து பொகையிலப் பொட்டணத்த உருவினது தெரியும். கீழ கெடந்த ஒவ்வொரு தரமும் யார் யாரு இன்னா பேசினீங்கன்னு சொல்லட்டா? சாயங்காலம் வரிக்கும் சொல்வேன். எனக்கு ஒண்ணும் மறக்கல."

பேச்சு குழறியது, முட்டி நடுங்கியது, கண்ணிலிருந்து நீர் வழிந்தது. விழவில்லை. கூட்டத்தில் ஒவ்வொருவரும் தான் என்னென்ன சொன்னோம் என்று நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பின்னால் நின்றவர்கள் நழுவினார்கள். அரசப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எம் பொண்ணு என் பொண்ணு. அவளப் பத்தி இன்னொரு வார்த்தை வந்துச்சின்னா, வுழுந்தாலும் உம் மேலதான் வுழுவேன். மதகாண்ட ஒரு ஏக்கரு. இப்பச் சொல்லு."

தேசப்பன் சிரிப்பவர்களைத் தேடிக் கூட்டத்தைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், அது பலிக்கவில்லை. முனுசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அப்பன் சொன்னபடி பிரிப்பதுதான் முறை என்றார். அன்றைக்கே கயிறு பிடித்து அளந்தார்கள்.

வீட்டில் கன்னியம்மா மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நாலாம் நாள் வெடித்தாள். "ஊர் முன்னால என்ன வாய மூடுன்ற. யாருக்காகப் பேசினேன்? எனுக்கு இன்னா ஆசையா? வாய்க்காரின்னு பேர் வாங்கினது எதுக்கு?"

"நான் கேட்டேனா?"

"நீ கேக்கற நெலமையிலயா இருந்த?"

அவன் திருப்பிக் கத்தினான். அவள் அதற்கு மேல் கத்தினாள். அவர்களுடைய கல்யாண வாழ்க்கையில் முதல் சண்டை அது. அதுவரை சண்டை போட அவளுக்கு எதிரில் ஆள் நின்றதில்லை. ஸத்யபாமா பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்கு ஓடியது. கடைசியில் அவன் தள்ளாடி உட்கார்ந்துவிட்டான். அவள் ஒரு சொம்பு தண்ணீரை அவன் முன்னால் டங்கென்று வைத்துவிட்டு, "இன்னும் முடியல. குடிச்சிட்டுப் பேசு" என்றாள்.

எழுபத்தொன்றாம் வருஷம் தேசப்பனின் மூத்த மகளுக்குக் கல்யாணம். சொந்தத் தம்பி வராமல் நடத்தினால் மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள். தேசப்பன் வெற்றிலைப் பாக்குத் தட்டோடு ஒரு மத்தியானம் வந்து நின்றான். ஆதிநாராயணன் உள்ளே பாயில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"எழுப்பும்மா" என்றான் தேசப்பன்.

"டாக்டர் சொன்ன தூக்கம். எழுப்ப மாட்டேன்."

"அப்ப நீயே ஒரு வார்த்தை சொல்லிடு. வர்றீங்களா?"

கன்னியம்மாவுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. நாக்கு வரை வந்தது. முறத்தை எடுத்துக்கொண்டு அரிசி புடைக்க உட்கார்ந்தாள்.

"அவருகிட்டக் கேட்டுக்கோ. அரமணி ஆவும்."

அவள் உட்காரச் சொல்லவில்லை. தேசப்பன் தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு வெயிலில் நின்றான். உள்ளேயிருந்து தம்பியின் குறட்டை சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருமுறை நின்றது, தேசப்பன் நிமிர்ந்தான், மறுபடி தொடங்கியது.

அரைமணி கழித்து ஆதிநாராயணன் எழுந்து, முகம் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தான். அண்ணனையும் தட்டையும் பார்த்தான். கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டான்.

"பொண்ணு நல்லாருக்கட்டும்" என்றான். "நாங்க வரல."