கரியாஹாட்டில் வாங்கிய மாம்பூ

"நூல் தெரியுதாங்க?"

முத்துக்குமார் இரண்டடி பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "தெரியல. ஆனா பலமா ஒரு காத்து அடிச்சுது, நீ தொலைஞ்ச."

மகேஸ்வரி கணவனை முறைத்துவிட்டு ஒரு முடிச்சை இன்னும் இறுக்கினாள். வங்காளத்துப் பெஹாலாவில் அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடி. பாதியாய் வெட்டிய டிரம்மில் ஆளுயரத்துக்கு நிற்கும் அந்த மாமரம் கீழ்வீட்டு நிர்மல்தாவுடையது. இதய ஆபரேஷனுக்காக மனைவியோடு வேலூர் போயிருக்கிறார். நாளைக் காலையில் ஆபரேஷன். அதற்குள் மரம் பூத்திருப்பதைப் பார்த்துவிட வேண்டுமாம். வீடியோ காலில் எந்த நிமிஷமும் வரலாம்.

மரம் பூக்கவே இல்லை. தொங்கிய கொத்தெல்லாம் கரியாஹாட் கடைத்தெரு நடைபாதையில், வங்காளிகள் தை மாசத்தில் மாம்பூ வைத்துக் கும்பிடும் சரஸ்வதி பூஜைக்காக விற்றவை.

கிளம்பும்போது வங்காளத்தில் படித்துப் படித்துச் சொன்னார் மனுஷன். "மத்த தொட்டிக்கெல்லாம் ஊத்து. இதுக்கு மட்டும் பூ வர்ற வரைக்கும் ஒரு சொட்டு கூடாது. குளிர்ல காயவிட்டாத்தான் பூக்கும்."

தலையாட்டினாள். ஆனால் கோவில்பட்டிக்காரிக்கு வெடித்த மண்ணைப் பார்த்துச் சும்மா இருக்க முடியுமா? தினமும் இதற்கும் ஒரு வாளி. ஈவிரக்கமில்லாத ஆள் என்று மனசுக்குள் அவரைத் திட்டவும் செய்தாள். தை முடியும் நேரம், மரம் பூவுக்குப் பதிலாகச் செம்பு நிறத்தில் தளிராய்த் தள்ளிவிட்டது.

போன் அலறியது.

திரையில் நிர்மல்தாவின் முகம் பாதியாகியிருந்தது. "மேலே காட்டு... இந்தப் பக்கம்... அடடா!" கண் விரிந்தது. "தண்ணி ஊத்தலியே?"

"இல்ல தாதா." அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நீ ஒருத்திதான் சொன்ன பேச்சைக் கேட்டவ. என் பெண்டாட்டியா இருந்தா திருட்டுத்தனமா ஊத்தியிருப்பா." பின்னால் அவர் மனைவி, இவளுக்குப் பௌதி, அதாவது அண்ணி, செல்லமாய் அதட்டுவது கேட்டது. "பூஜைக்குக்கூடப் பறிக்காதே. நான் வந்து காய் பார்க்கணும்."

கால் முடிந்தது. முத்துக்குமார் மூச்சு விட்டான். "தப்பிச்ச. அவர் வந்தா, காத்துல கொட்டிருச்சுன்னு சொல்லிக்கலாம்."

"வராமப் போயிட்டா?"

"ஏய், வாயைக் கழுவு!"

"பொய்யைப் பாத்துட்டுல்லங்க போயிருப்பாரு? நான் காட்டுன பொய்ய."

அவன் தடுப்பதற்குள் மறுபடி அழைத்துவிட்டாள். நிர்மல்தாவே எடுத்தார்.

"தாதா, அது கடைப் பூ. நூல்ல கட்டுனது. நான் தினமும் தண்ணி ஊத்திட்டேன்."

அவர் முகம் திரையை நெருங்கி வந்தது.

"எவ்வளவு?"

"ஒரு வாளி."

"வாளியா? மரத்துக்கா, யானைக்கா?" குரல் எகிறியது. "அத்தனை தடவை சொன்னேனே! ஒரு வருஷத்துப் பூ போச்சே!"

பௌதி போனைப் பிடுங்கினாள். "என்னம்மா சொன்ன இவர்கிட்ட? பிரஷர் பார்க்க நர்ஸ் வந்து நிக்கிறா!"

ஐயோ, சொல்லியும் கெடுத்தேனா? மகேஸ்வரியின் கண்ணில் நீர் முட்டியது.

"முதல்ல அந்த நூலை அவிழ்க்கச் சொல்லு!" பின்னாலிருந்து நிர்மல்தா கத்தினார். "தளிர் அறுந்துடும்!"

போனைக் கணவன் கையில் திணித்துவிட்டு ஒவ்வொரு முடிச்சாய் அவிழ்த்தாள். வராத முடிச்சைப் பல்லால் கடித்தாள். "மன்னிச்சிருங்க தாதா" என்றாள், இரண்டு தடவை.

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. கடைசி முடிச்சு அவிழும்வரை திட்டிக்கொண்டேதான் இருந்தார்.